டிரை ஐஸ் புகைந்த அறை

கம்ப்யூட்டருக்கு வாஸ்லின் தடவுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறேன். சாப்பாட்டு மேஜையில், ரசச் சட்டிக்குப் பக்கத்திலேயே மதர்போர்டை விரித்து வைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து வழித்து வழித்து இண்டு இடுக்கு விடாமல் பூசுவார் என் வீட்டுக்காரர். பூசி முடித்ததும் விரலை லுங்கியில் துடைத்துவிட்டு அப்பளத்தை எடுத்து நொறுக்குவார். மார்கழியில் எனக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தபோது, அந்த டப்பாவை எடுத்து நீட்டக்கூட மனசு வராத மனுஷர் இவர்.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடுகிற சிப் ஒன்று இருக்கிறது, பிராசஸர். வேலை செய்தால் சுடும். ஒரு ஃபேன் ஊதி அதை ஆற்றிவிடும். ஊர் உலகத்துக்கு அது போதும். ஆனால் இதற்கென்றே ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. இவ்வளவு வேகம்தான் என்று கம்பெனிக்காரன் நிர்ணயித்து அனுப்பியதை, மின்சாரத்தை ஏற்றி ஏற்றி இன்னும் வேகமாக ஓட வைப்பார்கள். அப்போது அது அடுப்பாகக் கொதிக்கும்; ஃபேன் பத்தாது. சிப்பின் தலையில் ஒரு செம்புக் குவளையை இறுக்கி நிறுத்தி, அதற்குள் டிரை ஐஸை, புகை விடுகிற அந்த வெள்ளைக் கட்டியை, உடைத்துப் போட்டு, கூடவே அசிட்டோன் ஊற்றுவார்கள். நகப்பூச்சு அழிக்க வாங்குவோமே, அதே சரக்கு. தண்ணீர் உறைகிற நிலைக்கும் வெகு கீழே, மைனஸ் எழுபது வரைக்கும் குளிர் இறங்கும். இன்னும் வசதி உள்ளவர்கள் திரவ நைட்ரஜன் ஊற்றி அதற்கும் கீழே போவார்களாம். அதைப் பற்றிப் பேசும்போது இவர் குரலில் ஒரு ஏக்கம் வரும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்தக் குரல் வரவில்லை.

அப்படி உறைய வைத்து என்ன சாதிப்பார்கள் என்றால், ஒரு சின்ன புரோகிராமை ஓட விடுவார்கள். அது ஒரு எண்ணைக் காட்டும். அதைப் படம் பிடித்து இணையத்தில் இருக்கும் ஏதோ ஒரு தரவரிசையில் ஏற்றுவார்கள். அவ்வளவுதான் விஷயம். அப்புறம் குவளையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, சிப்பை டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். அந்த வேகத்தில் யாரும் ஒரு கடிதம் அடித்ததில்லை, ஒரு டிக்கெட் எடுத்ததில்லை. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்பார்கள். விளக்குமாறாவது வீட்டைக் கூட்டும்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையை ஒட்டி. மாடியில் காய்ந்த துணியைச் சாயங்காலம் எடுத்தால் பிசுபிசுக்கும். மூடி வைத்த ஜாடிக்குள்ளேயே உப்பு தண்ணீர் விட்டுக்கொள்ளும். இந்தக் காற்றில் மைனஸ் எழுபதில் ஒரு செம்பை வைத்தால், வைத்த கையோடு அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனி அப்பிக்கொள்கிறது. அது உருகினால் போர்டு முழுக்கத் தண்ணீர். அதைத் தடுக்கத்தான் வாஸ்லின், கிழிந்த பனியன், பிசைந்து ஒட்டிய ரப்பர் எல்லாம். முதல் தடவை ஹாலில் வைத்துச் செய்தார். அத்தனையையும் மீறி ஈரம் இறங்கி, போர்டு பட்டென்று போய்விட்டது. உருகி வடிந்த தண்ணீரும் வாஸ்லினும் பனியன் நூலும் கலந்து மேஜை விரிப்பில் கொழகொழவென்று கிடந்ததை நான்தான் வழித்து எடுத்தேன். யாரோ காறித் துப்பிய சளியை வழிப்பது போல இருந்தது. இவரோ எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

“காத்துல கீற ஈரந்தான்மே நமக்கு வில்லன்,” என்றார். “ரூமை ஃபுல்லா டேப் போட்டு அடச்சிட்டு, ஏசில காய வச்சிட்டா ஒரு சொட்டு தண்ணி இறங்காது.”

எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஓர் அறையில். அது என் மாமனாருடைய அறை.

மாமனார் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற பக்கம் காலமெல்லாம் வேலை பார்த்தவர். சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார், கரித்தூளை நுரையீரலில் வைத்துக்கொண்டார். இப்போது நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தூசி படாமல், புழுக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை மூச்சு முட்டினால் திரும்பாது என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் சண்டை போட்டு அந்த ஏசியை வாங்க வைத்தேன். ஒருமுறை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்ததால் தரையில் மெத்தை போட்டுக் கொடுத்தேன். அந்த அறை இருந்தால் அவருக்கு மூச்சு இருக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

“அந்த ரூம்ல கை வச்சே, பாத்துக்கோ,” என்றேன் இவரிடம்.

“ஒரே ஒரு மத்தியானம்மே. நைனாவ ஹால்ல படுக்க வச்சிடறேன். ப்ராமிஸ்.”

மாமனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “புள்ள ஆசப்படறான், வுடும்மா. நான் எங்க குந்தினா இன்னா?”

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் நான் என்ன செய்வது? அவரை ஹாலில்தான் படுக்க வைக்க வேண்டும் என்று மட்டும் இன்னொரு தரம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெட்டி வந்து இறங்கியது. இவருடைய தோஸ்து ஒருவர் காசிமேட்டில் இறால் ஏற்றுமதி செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே சரக்குக்கு வைக்கிற டிரை ஐஸில் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தார். தெர்மாகோல் பெட்டி. எத்தனை தரம் இறால் ஏறி இறங்கிய பெட்டியோ, வெளிப்பக்கம் மஞ்சள் படிந்து, மூலையில் இறால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் தின்று வளர்ந்தவள்தான் நான். ராயபுரத்துக்காரிக்கு மீன் வாடை ஒன்றும் புதிதல்ல. ஆனால் இது மீன் வாடை இல்லை. மீன் கழுவிய தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி அழுகிய வாடை. அந்தக் கலீஜைத் தூக்கிக்கொண்டு போய், நான் தினமும் டெட்டால் போட்டுத் துடைக்கிற அறையில், மாமனாரின் மருந்து ஸ்டூல் மேலேயே வைத்தார்கள். இவர் பழுப்பு டேப்பை எடுத்து ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தார். கதவுக்கு அடியில் திணிக்க என் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். பார்க்கப் பிடிக்காமல் கிளம்பிவிட்டேன். போகும்போது மாமனார் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சில நாள் காற்றில் ஒரு காட்டமான நெடி வரும். கண் எரியும், தொண்டை கமறும். எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று எந்த ஆலையும் சொன்னதில்லை. “கேஸ் வுட்டுட்டான்” என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் போதும், எல்லா வீட்டிலும் ஒரே வேலை நடக்கும். ஜன்னலைச் சாத்து, துணியை நனைத்து மூக்கில் வை, தரையோடு தரையாகப் படு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம். மற்ற ஊர்க்காரர்கள் மழை வந்தால் கொடியிலிருந்து துணி எடுப்பார்கள், நாங்கள் மூச்சு முட்டினால் ஜன்னலைச் சாத்துவோம்.

பூசை முடிந்து, அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் பஸ் ஏறித் திரும்பினேன். ஸ்டாப்பில் இறங்கி நடந்தபோது கடல்காற்று நன்றாக வீசியது. அந்த நேரத்துக்குக் கடல்காற்று திரும்பிவிட்டால் நெடியெல்லாம் மேற்கே போய்விடும். எங்களுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அது. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு வந்தேன். தெருவில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் ஆள் இல்லை. நாற்காலி காலி. பேப்பர் கீழே கிடந்தது. அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே என்னவோ இழுபடுகிற சத்தம், பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. அந்தத் தோஸ்து. ஏசி அறைக்குள் நிற்கிற மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

“அண்ணி, சட்டுனு உள்ள வாங்க, கதவ சாத்துங்க. கேஸ் வுட்டுட்டானுங்க. மண்ட வலி தாங்கல.”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேஜை மேல் செம்புக் குவளை. அதிலிருந்து வெள்ளைப் புகை பொங்கி, மேஜை விளிம்பில் வழிந்து, தரை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. ஸ்டாண்டில் ஒரு போன் இதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இவர் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரீனைப் பார்த்தபடி நின்றிருந்தார். உதட்டைத் திறந்து நாய் மாதிரி இரைத்தார். பெட்டியின் மூடி திறந்தே கிடந்தது. இறால் அழுகலும் அசிட்டோனும் கலந்த அந்த வாடையை எழுதும்போதே எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது.

“மாமா எங்க?”

அவர் கீழே கிடந்தார். தரையில் போட்ட மெத்தையில், அந்தப் புகைக்குள், முகத்தில் ஈரத் துண்டோடு. ஹாலில் புழுங்குகிறது என்று அவரே எழுந்து உள்ளே வந்தாராம். கதவைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் வந்துவிடும் என்று இவர் அவரை வெளியே அனுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியதும், “கேஸுடா, எல்லாத்தையும் அட” என்று மாமனார்தான் முதலில் சொன்னாராம். சொல்லிவிட்டு, வழக்கப்படி துண்டை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு தரையோடு படுத்துவிட்டார். இவர்கள் டேப்பின் மேல் இன்னொரு சுற்று டேப் ஒட்டினார்கள்.

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. தெருவில் மூச்சு நன்றாக இருந்தது, அறைக்குள் வந்த நிமிஷமே எனக்கும் நெஞ்சை அடைத்தது. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

“வெளிய ஒரு நாத்தமும் இல்ல! உள்ள கீற கேஸுதான்யா இது!” என்று கத்திக்கொண்டே மெத்தையின் முனையைப் பிடித்து இழுத்தேன். கதவை அகலத் திறந்து காலால் முட்டுக்கொடுத்தேன்.

அப்போது இவர் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“கதவத் தொறக்காதமே! ஈரம் உள்ள பூந்துடும்! ரன் ஓடிக்கினு கீது, ரெண்டே நிமிஷம்!”

கையில் ஏதாவது இருந்திருந்தால் அடித்திருப்பேன். மெத்தைதான் இருந்தது. அதை இழுத்தேன். தோஸ்துக்கு அதற்குள் ஏதோ உறைத்திருக்க வேண்டும், அவரும் வந்து மறுமுனையைத் தூக்கினார். ஹாலைத் தாண்டி வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஈரத் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். மாமனாரின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். கன்னத்தில் தட்டினேன். கடல்காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கி, பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தார். இழுத்த வேகத்தில் என் மடியிலேயே வாந்தி எடுத்தார். சேலையெல்லாம் நனைந்தது. எனக்கு அது அருவருப்பாகவே இல்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது உள்ளே ஸ்க்ரீன் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

தெருப் பெண்கள் ஓடி வந்து ஆட்டோ பிடித்தார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இவர் பின்னாலேயே பைக்கில் வந்தார். மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே இவர் சொன்னார். “கேஸ் சார். எண்ணூர் சைடு. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

டாக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். எங்கள் ஊர் பெயரைச் சொன்னால் போதும், யாரும் நம்பிவிடுவார்கள். அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையில் குமட்டியது. எத்தனை குடும்பம் அந்த நெடியைச் சுவாசித்துச் சுவாசித்து, ஒப்புக்கொள்ளாத ஆலைக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் போய் முறையிட்டு அலைந்திருக்கிறது. அந்தக் கஷ்டத்தை எடுத்து இவர் தன் அசிங்கத்தைத் துடைக்கிற துணியாக்கிக்கொண்டார்.

“பொய் சார்,” என்றேன். “ரூமை டேப் போட்டு அடச்சிட்டு டிரை ஐஸ் போட்டு வெளையாடினாரு. பெத்த அப்பாவை உள்ள படுக்க வச்சிக்கினு.”

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். டிரை ஐஸ் கரைந்தால் தண்ணீராக ஆகாது, கரியமில வாயுவாகத்தான் ஆகும், அது காற்றைவிடக் கனமானது, தரையில்தான் போய்த் தங்கும், நின்றிருந்த உங்களுக்குத் தலைவலி என்றால் படுத்திருந்தவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். இவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நகர்ந்ததும் மாமனார் என் கையைப் பிடித்து இழுத்தார். மாஸ்க்கை ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “ஏம்மா அப்டி சொன்ன? கேஸுன்னே இருந்துட்டுப் போவட்டுமே. அவன் பேரு கெட்டுடும்மா.”

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. சொன்னவன் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான்.

மாமனார் வீடு திரும்பினார். முன்னே நாலு படியில் வந்த விசில் இப்போது பாயிலிருந்து எழுந்தாலே வருகிறது. அந்த அறையை மூன்று முறை கழுவியும் வாடை போகாததால் அவருக்கு ஹாலிலேயே படுக்கை போட்டேன். டேப்பைப் பிய்த்த இடத்தில் ஜன்னல் பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்திருக்கிறது. பெட்டியை இவரே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். சில நாள் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சரி, சூடு பட்டிருக்கிறது, இனிமேல் மனுஷனாகிவிடுவார் என்று நானும் நினைத்தேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் சமையற்கட்டுக்கு வந்து போனை நீட்டினார். முகத்தில் அந்தப் பழைய ஜொலிப்பு. அன்றைக்கு எடுத்த வீடியோவுக்கு இசை சேர்த்து இணையத்தில் போட்டிருந்தார். கீழே “செம மாஸ் ப்ரோ” என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள்.

“பாரேன், பொக எப்டி வந்து கீது. சினிமா தோத்துடும்.”

பார்த்தேன். செம்புக் குவளையிலிருந்து புகை பொங்கி வழிந்தது. மேஜையிலிருந்து இறங்கித் தரையில் படர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. படத்தின் கீழ் மூலையில், புகைக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கரி ஏறிக் கறுத்த நகங்கள். வாரா வாரம் நான்தான் வெட்டிவிடுகிறேன். இசை ஏறி இறங்க, அந்தக் கால்கள் இரண்டு தரம் தரையை உதைத்தன. பிறகு அசையவில்லை.

வீடியோவை நிறுத்தி அந்த மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். இவர் போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எத்தனை தரம் பார்த்துப் பார்த்து ரசித்திருப்பார், இதைப் பார்த்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அழுதுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்தேன்.

“அட, ஆமால்ல,” என்றார் இவர். “அந்த மூலைய மட்டும் வெட்டிட்டு மறுபடி போட்டுடவா?”